மிலிட்டரி பென்ஷனும் குடும்ப பென்ஷனும்: சேலம், ஏற்காடு பக்கம் என்னிடம் அடிக்கடி கேட்பவை

அப்பா ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். பெங்களூரில் பயிற்சி, அப்புறம் வடக்கே எங்கெங்கோ. ரிட்டயர் ஆகி வந்து, ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காபிச் செடிகளுக்கு நடுவே கடைசிவரை இருந்தார். அவர் போன பிறகு அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் கைக்கு வரப் பதினான்கு மாதம் ஆனது. கல்யாணமான புதிதில் அப்பா பட்டாளத்தில் எழுதிக் கொடுத்தது அம்மாவை வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர். ஆதாரில் இருப்பது வேறு பெயர். இவ்வளவுதான் காரணம்.

அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதைப் பக்கத்து வீட்டு அத்தைக்குச் சொன்னேன். அவர் வாழப்பாடியில் இருக்கும் தங்கைக்குச் சொன்னார். இப்போது ஓமலூர், ஆத்தூர், சங்ககிரி என்று எங்கிருந்தெல்லாமோ போன் வருகிறது. கேள்விகள் பத்துப் பதினைந்துதான், திரும்பத் திரும்ப அவையே. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே போட்டிருக்கிறேன். நான் அரசு ஊழியர் அல்ல, வக்கீலும் அல்ல. எனக்குப் பழக்கம் தரைப்படைக் காகிதங்கள்தான். விமானப்படைக்கும் கப்பற்படைக்கும் விதிகள் பெரும்பாலும் இவையே, எழுதவேண்டிய முகவரி மட்டும் வேறு.

"பிபிஓ, பிபிஓங்கறாங்களே, அது என்னங்க? எங்க வீட்டுக்காரர் பெட்டியில நிறைய காகிதம் இருக்குது, எது அதுன்னு தெரியல."

பென்ஷன் தரச் சொல்லி அரசு போட்ட உத்தரவுதான் பிபிஓ. அதில் அவருடைய ஆர்மி நம்பர், ரேங்க், பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, மனைவியின் பெயர், அவருக்குப் பின் மனைவிக்கு எவ்வளவு என்ற கணக்கு எல்லாம் இருக்கும். பழைய தாள்களில் எண்ணுக்கு முன்னால் எஸ் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது அவருடைய சர்வீஸ் பென்ஷன், எஃப் இருந்தால் குடும்ப பென்ஷன். ஸ்பர்ஷ் என்ற புது ஏற்பாட்டுக்கு (அடுத்த கேள்வியில் சொல்கிறேன்) மாறிய பிறகு எல்லோருக்கும் 12 இலக்கத்தில் புது எண் வந்திருக்கிறது. புது எண் வந்துவிட்டதே என்று பழையதைத் தூக்கி எறியாதீர்கள். தகராறு வந்தால் பழையதுதான் பேசும்.

இதோடு, படையை விட்டு வெளியே வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கையும் தேடி எடுங்கள். மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பனிக்காலத்தில் டிரங்குப் பெட்டிக்குள் வைத்த காகிதம் பூசணம் பிடித்துவிடும். அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கில் இரண்டு பக்கம் அப்படித்தான் போனது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரு போட்டோவும் எடுத்துவையுங்கள்.

"ஸ்பர்ஷ்னா என்ன? முன்னாடி பேங்க்லயே போட்டுட்டு இருந்தாங்களே?"

முன்பு கணக்குப் போட்டுப் பணம் கொடுத்தது வங்கி. இப்போது பிரயாக்ராஜில், அதாவது பழைய அலகாபாத்தில் இருக்கும் பாதுகாப்புத் துறையின் பென்ஷன் கணக்கு அலுவலகமே கணக்குப் போட்டு நேராக உங்கள் கணக்கில் செலுத்துகிறது. அதற்கான இணைய ஏற்பாடுதான் ஸ்பர்ஷ். எனவே "ஏன் குறைந்தது, ஏன் வரவில்லை" என்று வங்கி மேனேஜரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவரிடம் இப்போது அந்தக் கணக்கே இல்லை.

வீட்டில் யாருக்கும் இணையம் தெரியாது என்றால் பொதுச் சேவை மையத்துக்குப் போகலாம். சில வங்கிக் கிளைகளிலும் ஸ்பர்ஷ் உதவி மையம் உண்டு. பென்ஷன்காரரிடம் பணம் வாங்கக்கூடாது, சேவைக் கட்டணத்தைத் துறையே கொடுக்கிறது. தமிழக அரசின் இ-சேவை மையம் வேறு, மத்திய அரசின் பொதுச் சேவை மையம் வேறு. சில கடைகளில் இரண்டு போர்டும் தொங்கும், உள்ளே போகும் முன் "ஸ்பர்ஷ் பார்ப்பீர்களா" என்று கேட்டுவிடுங்கள்.

"எங்க போய்க் கேக்கறது? கலெக்டர் ஆபீசா, பேங்கா, சோல்ஜர் போர்டா?"

பெயர் என்றால் ரெக்கார்ட் ஆபீஸ், பணம் என்றால் பிரயாக்ராஜ், கையெழுத்து என்றால் சேலம். நான் எல்லோருக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பது.

மனைவி பெயர், பிறந்த தேதி, பிள்ளைகள் விவரம் எதைச் சேர்க்கவும் திருத்தவும் அவர் இருந்த படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸ்தான் வேர். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு ஊட்டி மலையில் வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு. வண்டி, இயந்திரம் பழுதுபார்க்கும் இஎம்இக்கு செகந்திராபாத், பீரங்கிப் படைக்கு நாசிக், தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மருத்துவப் பிரிவுக்கு லக்னோ, ராணுவ இடங்களுக்குக் காவல் இருக்கும் டிஎஸ்சிக்குக் கண்ணூர். விமானப்படைக்கு டெல்லி, கப்பற்படைக்கு மும்பை. வெலிங்டன் என்று கேட்டதும் சிலர் உடனே பஸ் ஏறப் பார்க்கிறார்கள். நேரில் போகத் தேவையில்லை. ஆர்மி நம்பரைக் கடிதத்தின் தலையிலேயே எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தினால் போதும்.

சோல்ஜர் போர்டு என்று பெரியவர்கள் சொல்வது சேலத்தில் இருக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை. விண்ணப்பத்தைச் சரிபார்த்துப் பரிந்துரைத்து அனுப்புவது, அடையாள அட்டை, நிதியுதவிகள் எல்லாம் அங்கே. முதலில் போகவேண்டிய இடமும் அதுதான். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் பென்ஷனை கலெக்டர் போட முடியாது. மனு சுற்றி அதே அலுவலகத்துக்குத்தான் வரும்.

"லைஃப் சர்டிபிகேட் குடுக்க அப்பாவைக் கீழ சேலத்துக்குத்தான் கூட்டிட்டு வரணுமா? இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினா வாந்தி எடுத்துடறார்."

வேண்டவே வேண்டாம். உயிரோடிருக்கிறார் என்பதற்கான இந்தச் சான்று வழக்கமாக நவம்பரில் கொடுப்பது. 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். ஆண்ட்ராய்டு போனில் ஜீவன் பிரமாண் செயலியும் ஆதார் முகப் பதிவுச் செயலியும் இருந்தால், முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம். காபிப் பழம் பறித்தும் மிளகுக் கொடியில் கைவைத்தும் தேய்ந்த விரல்கள் ரேகை இயந்திரத்தில் பதிவதே இல்லை, எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான். முகப் பதிவு வந்தது பெரிய நிம்மதி. வீட்டுக்குள் இருட்டில் எடுக்காமல் திண்ணையில் வெளிச்சத்தில் உட்காரவைத்து எடுங்கள், கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள்.

செயலியில் பென்ஷன் கொடுப்பவர் யார் என்று கேட்கும் இடத்தில்தான் பலர் தவறுவார்கள். பழக்கத்தில் வங்கிப் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். ஸ்பர்ஷ் பென்ஷன்காரர்கள் ஸ்பர்ஷ், பிரயாக்ராஜ் என்று வரும் வரியைத்தான் எடுக்கவேண்டும் (அலகாபாத் என்றே இன்னும் இருக்கலாம்). வங்கியை எடுத்தால் சான்று எங்கோ போய்ச் சேரும், பென்ஷன் நிற்கும்.

போன் இல்லை, சிக்னல் இல்லை என்றால் தபால்காரரிடம் சொல்லுங்கள். அஞ்சலக வங்கி மூலம் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்கு எடுத்துத் தருவார். மறந்துபோய் பென்ஷன் நின்றுவிட்டாலும் பதற வேண்டாம். சான்று போய்ச் சேர்ந்ததும் விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்து வரும்.

"மாமா போன வாரம் இறந்துட்டாருங்க. அத்தைக்கு பென்ஷன் வர முதல்ல என்ன பண்ணணும்?"

முதலில் இறப்புச் சான்று. ஊரில் வீட்டிலேயே இறந்திருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம், ஆஸ்பத்திரியில் என்றால் அங்கே பதிவாகும் இடத்தில். 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்யும்போதே பிபிஓவைக் கையில் கொண்டுபோய், அவர் பெயரை அதில் இருக்கிற எழுத்துப்படியே எழுதச் சொல்லுங்கள். துக்க வீட்டில் யாரோ பங்காளி போய், வாயில் வந்த பெயரைச் சொல்லிப் பதிந்துவிட்டு வருவார். அதைத் திருத்த ஆறு மாதம் நடக்கவேண்டும்.

அடுத்து, இறப்பை ஸ்பர்ஷில் தெரிவிக்கவேண்டும். அத்தையின் ஆதார், பான், வங்கிப் புத்தகம், போட்டோ, பிபிஓ நகல் வேண்டும். பிபிஓவில் அத்தையின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருந்தால் இது பெரிய வேலையே அல்ல. தாசில்தார் தரும் வாரிசுச் சான்று இதற்குத் தேவையில்லை. அது வீடு, நிலத்துக்கு வேண்டியது. இரண்டு பேருக்கும் ஜாயின்ட் அக்கவுண்ட் இருந்தால் அதிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அவர் இறந்தது தெரியாமல் அடுத்த மாதமும் அவர் பென்ஷன் கணக்கில் விழும். செலவு நிறைய இருக்கிறது என்று ஏடிஎம்மில் எடுத்துவிடாதீர்கள். இறந்த நாள் வரைக்கும்தான் அது அவருடையது. மீதியைப் பிடித்துக்கொண்டுதான் குடும்ப பென்ஷனைத் தொடங்குவார்கள், அதுவரை கணக்கும் சிக்கலாகிக் கிடக்கும்.

"எவ்வளவுங்க வரும்? பாதின்னு ஒருத்தர் சொல்றார், முப்பது பர்சன்ட்னு ஒருத்தர் சொல்றார்."

இரண்டு பேரும் சொல்வது சரிதான். சாதாரணக் குடும்ப பென்ஷன், கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். ஆனால் அடிப்படை 9,000 ரூபாய்க்குக் கீழே போகாது, அதன்மேல் அகவிலைப்படி. தொடக்கத்தில் சில வருடங்களுக்கு மட்டும் கூடுதல் விகிதம், அதாவது 50 சதவீதம். வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால் 10 வருடம். ரிட்டயர் ஆன பிறகு என்றால் 7 வருடம், அல்லது அவர் உயிரோடிருந்தால் 67 வயது ஆகியிருக்கும் நாள் வரை, இரண்டில் எது முந்தியோ அது. 58 வயதில் இறந்தவரின் மனைவிக்கு ஏழு வருடமும் கிடைக்கும். 64 வயதில் இறந்திருந்தால் மூன்று வருடம். 75 வயதில் என்றால் முதல் மாதமே 30 சதவீதம்தான். இந்தக் கூடுதல் தொகையும் அவர் வாங்கிய பென்ஷனைத் தாண்டாது.

பணி காரணமாக ஏற்பட்ட விபத்து, நோய் ஆகியவற்றில் இறந்தவர்களுக்குச் சிறப்புக் குடும்ப பென்ஷன், 60 சதவீதம். போரிலோ தீவிரவாதிகளை எதிர்த்தோ இறந்தவர்களின் குடும்பத்துக்குக் கடைசிச் சம்பளத்தின் முழு அளவும் உண்டு. இன்னொரு சந்தேகமும் வரும். அவர் பென்ஷனில் ஒரு பகுதியை முன்பணமாக வாங்கியிருந்தால் (கம்யூட்டேஷன் என்பார்கள்) அவருடைய பென்ஷனில் மாதாமாதம் பிடிப்பார்கள் அல்லவா, அந்தப் பிடித்தம் மனைவியின் குடும்ப பென்ஷனில் தொடராது.

"அம்மாவுக்கு ஒழுங்கா வந்துட்டிருந்த பென்ஷன் போன மாசம் திடீர்னு குறைஞ்சிடுச்சு. யாராவது ஏமாத்தறாங்களா?"

அப்பா இறந்து எத்தனை வருடம் என்று பாருங்கள். மேலே சொன்ன கூடுதல் விகிதம் முடிந்திருக்கும். பிபிஓவிலேயே எந்தத் தேதி வரை கூடுதல், எந்தத் தேதியிலிருந்து சாதாரணம் என்று போட்டிருக்கும். அந்தத் தேதி பொருந்தவில்லை என்றால் மட்டும் புகார் செய்யுங்கள்.

"ரெக்கார்டுல பாப்பா, ஆதார்ல பாப்பாத்தி. ரெண்டும் எங்கம்மாதான். இதை எப்படிங்க நிரூபிக்கறது?"

வரும் போன்களில் பாதி இதுதான். குற்றம் யாருடையதும் இல்லை. நம் பக்கம் தலைப்பெழுத்துதான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பட்டாளத்துப் படிவம் குடும்பப் பெயர் கேட்கும். எதிரே உட்கார்ந்து எழுதிய கிளார்க்குக்குத் தமிழ் தெரியாது, அவர் காதில் விழுந்ததை எழுதினார். ராசம்மாள் ராஜம்மா ஆனார், பழனியம்மாள் பலானி ஆனார். பிறந்த தேதி கேட்டால் "மாரியம்மன் பண்டிகைக்கு ரெண்டு மாசம் முன்னாடி" என்றுதான் தெரியும். அதனால் ஜனவரி 1 என்றோ ஜூலை 1 என்றோ ஒன்றைப் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டில் இருப்பதுபோல ஆதாரை மாற்றிவிட்டால் முடிந்தது என்று நினைத்து, அம்மாவின் ஆதாரைச் செல்லப் பெயருக்கு மாற்றினேன். உடனே பான் பொருந்தவில்லை, வங்கிக் கணக்கு பொருந்தவில்லை, ரேஷன் கார்டு பொருந்தவில்லை. திரும்ப மாற்றி எடுக்க நான்கு மாதம். பதினான்கு மாதத்தில் அந்த நான்கும் என் கைங்கரியம். ஆதார், பான், வங்கி மூன்றும் ஒன்றாக இருந்தால் அவற்றைத் தொடாதீர்கள். ரெக்கார்டைத்தான் திருத்தவேண்டும்.

கணவர் உயிரோடிருந்தால் அவரே ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஒரு விண்ணப்பம், உறுதிமொழிப் பத்திரம், இருவர் ஆதார் நகல், கல்யாணத்துக்கான சான்று ஆகியவற்றை நல அலுவலகம் மூலம் அனுப்பினால் போதும். அவர்கள் பதிவைத் திருத்தி, பிபிஓவுக்குத் திருத்த உத்தரவு வர ஏற்பாடு செய்வார்கள். அவர் இறந்துவிட்டால் அதே வேலை மனைவி தலையில் விழும். இரண்டு பெயரும் ஒருவரே என்று நீதித்துறை நடுவர் முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம், தாசில்தாரிடமிருந்து அதே பொருளில் ஒரு சான்று, பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று என்று அம்மா பெயர் வந்த காகிதம் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பவேண்டும். இருவரும் சேர்ந்து எடுத்த பழைய போட்டோ டிஸ்சார்ஜ் புக்கிலோ பென்ஷன் காகிதத்திலோ ஒட்டியிருந்தால் அதன் நகலைக் கட்டாயம் வையுங்கள். எங்கள் விஷயத்தில் கடைசியில் கை கொடுத்தது அந்த போட்டோதான்.

"ஆஸ்பத்திரி கார்டு அவரோட முடிஞ்சுதா?"

இல்லை. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் 2003 ஏப்ரலில் தொடங்கியது. அதில் அவர் உறுப்பினராக இருந்தால், குடும்ப பென்ஷன் வாங்கும் மனைவிக்குத் தொடரும். அவர் கார்டை ஒப்படைத்து விவரத்தை மாற்றிக்கொள்ளவேண்டும். பாலிகிளினிக் சேலத்திலேயே இருக்கிறது.

"அம்மாவுக்கு எண்பத்தி ரெண்டு ஆச்சு. எண்பதுக்கு மேல கூட வரும்னாங்க, ஒண்ணும் வரலையே?"

வரவேண்டும். பென்ஷன்காரருக்கும் உண்டு, குடும்ப பென்ஷன் வாங்குபவருக்கும் உண்டு. அடிப்படை பென்ஷனில் 80 வயதில் 20 சதவீதம், 85 வயதில் 30, 90 வயதில் 40, 95 வயதில் 50, நூறு வயதில் இன்னொரு மடங்கு முழுசாக. 9,500 ரூபாய் அடிப்படை என்றால் 80 வயதில் 1,900 ரூபாய் கூடும், அதற்கும் அகவிலைப்படி உண்டு. வயது நிறையும் மாதத்தின் முதல் தேதியிலிருந்தே கணக்கு.

வரவில்லை என்றால் பத்தில் ஒன்பது முறை காரணம் பிபிஓவில் அம்மாவின் பிறந்த தேதியே இல்லை என்பதுதான். பழைய உத்தரவுகளில் மனைவி பெயரை மட்டும் போட்டு வயதை விட்டிருப்பார்கள். கணினிக்கு அம்மாவுக்கு 82 வயது என்று யார் சொல்வது? பான், வாக்காளர் அட்டை, ஆதார், பாஸ்போர்ட், இசிஎச்எஸ் கார்டு போன்ற ஏதாவது வயதுச் சான்றோடு திருத்தம் கேளுங்கள். சான்றுகளில் தேதி ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால், பெயர் விஷயத்தில் சொன்ன அதே பாடுதான். சரியானதும் விட்டுப்போன மாதங்களுக்கு அரியர் கேட்க மறக்காதீர்கள்.

"அப்பா பத்து வருஷம்தான் பட்டாளத்துல இருந்தார், பென்ஷன் இல்ல. எங்களுக்கு எதுவுமே கிடையாதா?"

சிப்பாய் முதல் ஜேசிஓ (சுபேதார் போன்றவர்கள்) வரை சர்வீஸ் பென்ஷனுக்கு 15 வருட சர்வீஸ் வேண்டும். ஆனால் டிஸ்சார்ஜ் புக்கை ஒரு முறை கவனமாகப் பாருங்கள். அந்தக் காலத்தில் சில வருடம் படையில், மீதி வருடம் ரிசர்வில் (வீட்டில் இருக்கலாம், கூப்பிட்டால் போகவேண்டும்) என்று எடுத்தார்கள். இரண்டும் சேர்ந்து 15 வருடம் என்றால் ரிசர்விஸ்ட் பென்ஷன் என்று ஒன்று உண்டு. "பத்து வருஷம்தான்" என்று மகன் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் புத்தகத்தைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். உடல் காரணமாக அனுப்பப்பட்டிருந்தால் அதையும் கவனியுங்கள், ஊனமுற்றோர் பென்ஷனுக்கு 15 வருடக் கணக்கு கிடையாது.

எதுவும் இல்லையென்றால் மத்திய சைனிக் போர்டு வழியாக வறுமை நிவாரணத் தொகை. 65 வயது தாண்டிய, பென்ஷன் இல்லாத, ஹவில்தாரும் அதற்குக் கீழும் இருந்தவர்களுக்கு, அவர்கள் இல்லையென்றால் அவர்கள் மனைவிக்கு. மாதம் 4,000 ரூபாயாக இருந்ததை 2025 நவம்பர் 1 முதல் 8,000 ஆக்கியிருக்கிறார்கள். விண்ணப்பம் இணையத்தில், பரிந்துரை நம் மாவட்ட நல அலுவலகத்தில். இரண்டாம் உலகப் போரில் இருந்தவர்களின் மனைவியர் இன்னும் ஒருசிலர் இருக்கக்கூடும், அவர்களுக்குத் தமிழக அரசின் தனி மாத உதவி உண்டு. நூறு நாள் வேலை அட்டையையும் முதியோர் பென்ஷனையும் நம்பி இருக்கும் கிழவிகளிடம், "உன் வீட்டுக்காரர் பட்டாளத்துல இருந்தாரா ஆயா" என்று கேட்டுப் பாருங்கள். மலைக்கிராமங்களில் அப்படிக் கேட்டே இரண்டு பேரைக் கண்டுபிடித்தோம்.

"அவர் பட்டாளத்துக்கப்புறம் கவர்மென்ட் வேலையிலயும் இருந்து ரிட்டயர் ஆனார். ரெண்டு குடும்ப பென்ஷன் வாங்கலாமா, இல்ல ஒண்ணை விட்டுக் குடுக்கணுமா?"

வாங்கலாம். முன்பு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று இருந்தது. 2012 செப்டம்பர் 24 முதல் இராணுவச் சேவைக்கும் பின்னால் செய்த அரசு வேலைக்கும் தனித்தனியாகக் குடும்ப பென்ஷன் பெறலாம். அந்தத் தேதிக்கு முன் ஒன்றை விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுத்தவர்களும் இப்போது கேட்கலாம். பலருக்கு இது தெரியவே தெரியாது.

"சொல்லவே கூச்சமா இருக்குதுங்க. அப்பாவுக்கு ரெண்டு சம்சாரம். யாருக்குப் பென்ஷன்?"

கூச்சப்பட வேண்டாம், நீங்கள் முதல் ஆள் இல்லை. முதல் மனைவி உயிரோடு, சட்டப்படி விலகாமல் இருக்கும்போது செய்த இரண்டாம் கல்யாணம் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி செல்லாது. எத்தனை வருடம் கூட வாழ்ந்திருந்தாலும், படுக்கையில் கிடந்தபோது பார்த்துக்கொண்டது அவராகவே இருந்தாலும், அந்த மனைவிக்கு உரிமை இல்லை. எனக்கே இது நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி அதுதான். அந்த அம்மாவின் பிள்ளைகளுக்கு, வயதும் மற்ற தகுதியும் இருந்தால், பங்கு உண்டு. முதல் மனைவி இறந்த பிறகோ கோர்ட்டில் விவாகரத்து ஆன பிறகோ கட்டிக்கொண்டவர் முழு உரிமை உள்ள மனைவி. அவர் பெயரைப் பதிவில் ஏற்றியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள், இல்லையென்றால் பாப்பா-பாப்பாத்தி பதிலுக்குப் போங்கள்.

"புருஷன் விட்டுட்டுப் போயி இருபது வருஷமா அம்மாகூடத்தான் இருக்கேன். அம்மாவுக்கப்புறம் எனக்கு வருமா?"

திருமணம் ஆகாத, கணவரை இழந்த, விவாகரத்தான மகளுக்கு 25 வயது தாண்டியும் குடும்ப பென்ஷன் உண்டு. சொந்த வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை எட்டக்கூடாது. விட்டுவிட்டுப் போனது விவாகரத்து ஆகாது. பெற்றோரில் ஒருவராவது உயிரோடிருக்கும்போதே கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கவேண்டும், தீர்ப்பு பிறகு வந்தாலும் பரவாயில்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தீர்த்துவிட்ட காகிதம் செல்லாது. எனவே அம்மா இருக்கும்போதே வழக்கைப் போடுங்கள். செலவுக்கு வழியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வக்கீல் இலவசம்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருக்கும் வீட்டிலும் இதே அவசரம்தான். பிழைப்புக்கு வழிதேட முடியாத பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க உண்டு. பெற்றோர் இருக்கும்போதே மருத்துவச் சான்றோடு பெயரைப் பிபிஓவில் ஏற்றிவைத்துவிட்டால், பிற்பாடு அந்தப் பிள்ளை யார் கையையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்காது.

"ஒருத்தர் எல்லாத்தையும் முடிச்சுத் தர்றேன், அரியர்ல பத்து பர்சன்ட் குடுன்னு கேக்கறார். குடுக்கலாமுங்களா?"

கூடாது. அவர் செய்யப்போவதும் மேலே எழுதிய இதே வேலைகளைத்தான், அதில் காசு கேட்கும் அலுவலகம் எதுவும் இல்லை. அதைவிட மோசம், வட்டிக்கடைக்காரரிடம் ஏடிஎம் கார்டை அடகு வைப்பது. நம் பக்கம் இது சர்வ சாதாரணமாக நடக்கிறது. கார்டும் ரகசிய எண்ணும் அவரிடம், மாதம் ஆயிரம் ரூபாய் மட்டும் ஆயா கையில். வங்கியில் ஒரு கடிதம் கொடுத்தால் கார்டை அன்றைக்கே முடக்கலாம். கடன் வேறு விஷயம், கார்டைக் கொடுக்கவேண்டியதில்லை.

நவம்பர் வந்தால் "ஸ்பர்ஷ்ல இருந்து பேசறோம், லைஃப் சர்டிபிகேட் முடிக்கணும், ஓடிபி சொல்லுங்க" என்று போன் வரும். எந்த அலுவலகமும் அப்படிக் கேட்பதில்லை. உதவி எண் வேண்டுமென்றால் கூகுளில் தேடாமல், ஸ்பர்ஷ் தளத்துக்குள் போய் அங்கிருப்பதை எடுங்கள். அந்தத் தளத்தின் முகவரி கவ் டாட் இன் என்றுதான் முடியும்.

"எல்லாம் பண்ணியாச்சு, ஒரு வருஷமா பதிலே இல்ல. கேஸ் போட்டுடலாமா?"

உடனே வேண்டாம். முதலில் ஸ்பர்ஷிலேயே புகார் பதிந்து எண் வாங்குங்கள். நகராவிட்டால் மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளத்தில் போடுங்கள், அதற்கு ஏதோ ஒரு பதில் வந்தே தீரும். பாதுகாப்புக் கணக்குத் துறை அவ்வப்போது நடத்தும் பென்ஷன் குறைதீர்ப்பு முகாமுக்கு நேரில் போனால், கணினியைத் திறந்து அங்கேயே பார்த்துச் சொல்வார்கள்.

எழுத்தில் மறுப்பு வந்துவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். சென்னையிலேயே அமர்வு இருக்கிறது, டெல்லி போகவேண்டாம். மனைவியும் வழக்குப் போடலாம். ஊனமுற்றோர் பென்ஷன் மறுக்கப்பட்டவர்கள் பலர் அங்கே ஜெயித்திருக்கிறார்கள். ஆனால் நீண்டகாலம் சும்மா இருந்துவிட்டுப் போனால், உரிமை கிடைத்தாலும் பழைய அரியர் பெரும்பாலும் வழக்குக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் காசுதான்.

"ஏம்மா, நான் இன்னும் நல்லாத்தானே இருக்கேன். எனக்கெதுக்கு இப்பவே இதெல்லாம்?"

போன மாதம் ஒரு ரிட்டயர்டு நாயக் கேட்டது. 71 வயது, கேன்டீன் பையோடு நின்றுகொண்டு சிரித்தார். "வீட்டுக்குப் போய் பிபிஓவை எடுத்து, மனைவி பெயர் இருக்கும் வரியை மட்டும் படியுங்கள் பெரியப்பா" என்றேன். அடுத்த வாரமே அந்தத் தாளோடு வந்தார், சிரிப்பைக் காணோம். அந்த வரியில் இருந்தது அவருடைய அம்மாவின் பெயர். பெரியம்மா பக்கத்தில் நின்று, "நாப்பத்தஞ்சு வருஷமா நான் யாருன்னே தெரியலையா இவுங்களுக்கு" என்று அவரைத்தான் பார்த்துக் கேட்டார். விண்ணப்பம் இப்போது வெலிங்டனில் இருக்கிறது.